ஸ்கேரிஸ்டாவில் ஞாயிறு ஆட்டம் இல்லை

ஆறரைக்கு எழுந்தேன். சவரம் செய்தேன். ஓட்ஸை மைக்ரோவேவில் இரண்டரை நிமிடம் வைத்து, நின்றபடியே சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. சுரண்டினேன். ஏழு மணிக்கு ஸ்காட்லாந்தின் பெர்த்தை விட்டுக் கிளம்பி வடக்கே போகும் சாலையில் ஏறினேன். மலைக் கணவாய் தாண்டும்வரை ஒரு பால் லாரியின் பின்னாலேயே போனேன். இரண்டு இடத்தில் முந்தியிருக்கலாம். முந்தவில்லை.

நேர்னில் என் மாமனார் முர்டோ இருக்கிறார். அவரிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன்.

என் மனைவி ஊனா நவம்பரில் இறந்தாள். முப்பத்திரண்டு வயது. தலைவலி என்று செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் சேர்த்தோம். வியாழக்கிழமை மாலை மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. முர்டோவும் ஊனாவின் தம்பி ருவரியும் நேர்னிலிருந்து காரில் வந்தார்கள். கணவாயில் பனி. சாலையை மூடித் திறந்து மூடியிருக்கிறார்கள். அவர்கள் வார்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. முர்டோ கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நடைவழியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னா? கடைசியா என்ன சொன்னா மாப்ளே?"

அவள் கடைசியாகச் சொன்னது ஒரு அப்பாவிடம் சொல்லக்கூடியதாக இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஏதோ ஒரு கடற்கரைப் படம் மாட்டியிருந்தது. வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"தன்னோட வர்ற பிறந்தநாளுக்கு நாம மூணு பேரும் ஸ்கேரிஸ்டால ஆடணும்னு சொன்னா மாமா. சரியா அன்னிக்கே."

ஸ்கேரிஸ்டா, ஹாரிஸ் தீவின் மேற்குக் கரையில் ஒன்பது குழிகளே உள்ள கோல்ஃப் மைதானம். மணல்மேடுகளுக்கு நடுவே, கடலை ஒட்டி. ஊனாவின் அம்மாவுக்கு அதுதான் ஊர். அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது. ஊனா மட்டை பிடித்துப் பழகியதும் அங்கேதான். எங்கள் திருமணத்துக்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் நால்வரும் மூன்று நாள், நான்கு நாள் எனக் கடலோர மைதானங்களுக்குப் போய் ஆடிவிட்டு வருவோம். எங்கே, எப்போது, எந்தக் கப்பல், யாருக்கு எந்தக் கட்டில் என்று எல்லாவற்றையும் ஊனாதான் முடிவு செய்வாள். ஸ்கேரிஸ்டா மட்டும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனது. அதனால் என் பொய் நம்பும்படியாக இருந்தது.

முர்டோ அதைப் போதகரிடம் சொன்னார். போதகர் அதை அடக்க ஆராதனையில் சொன்னார். ரொட்டிக் கடைக்காரி என்னிடமே சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம். அதோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

முர்டோவுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. பதினாறு மாதமாக அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தார். போன வாரம் கடிதம் வந்தது. மே பதினான்கு. வருகிறேன் என்று திங்கட்கிழமைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஊனாவின் பிறந்தநாள் மே பதினாறு.

ருவரி ஃபோன் செய்தான். "அப்பா மாட்டேன்னுட்டாரு மச்சான். அக்கா சொல்லிட்டா, இடுப்பு காத்திருக்கட்டும்ங்கறாரு. சனிக்கிழமை வா, உக்காந்து ப்ளான் போடணும்."

அதனால்தான் போனேன்.

முர்டோ கதவைத் திறந்தார். ஏழாம் நம்பர் இரும்பு மட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றியிருந்தார். கைத்தடி வாங்கித் தந்தால் அது கிழவர்களுக்கு என்பார். அவருக்கு எழுபத்தொன்று.

"லேட்டு," என்றார்.

"ஒம்போதே கால்தான் மாமா."

"ஒம்போதுன்னுதானே சொன்னேன். கப்பலா இருந்தா போயிருக்கும்."

முப்பத்தோரு வருடம் தீவுக் கப்பல்களில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் கப்பலை வைத்துத்தான் அளப்பார்.

சமையலறை மேசை முழுக்க ஒரு பழைய கடல் வரைபடம் விரித்திருந்தது. நாலு மூலையிலும் ஜாம் பாட்டில், தேநீர்க் கெண்டி, வெண்ணெய்த் தட்டு, ருவரியின் முழங்கை. ருவரிக்கு இருபத்தொன்பது வயது. சால்மன் பண்ணையில் வேலை. எத்தனை குளித்தாலும் மீன் வாசம் போகாது. அதைப் பற்றி ஊனா மட்டும்தான் வெளிப்படையாகப் பேசுவாள்.

"உக்காரு மச்சான். நேத்து ராத்திரிலேர்ந்து இதே பஞ்சாயத்து. எனக்குத் தலை சுத்துது."

"மாமா, அந்த ஆபரேஷன் விஷயமா..."

"அந்தப் பேச்சை எடுக்காதே," என்றார் முர்டோ. "முதல் நாள் பதினாலு. காலையில அரிசேக். அங்க ஒம்போது குழி. அப்புறம் மாலேக்ல கப்பல் ஏறி தெற்கு ஊய்ஸ்ட் தீவு. பதினஞ்சு, ஆஸ்கர்னிஷ், பதினெட்டுக் குழி. சாயங்காலம் வடக்க போய் ஜலசந்தியைத் தாண்டி ஹாரிஸ். பதினாறு ஸ்கேரிஸ்டா. பதினேழு வீடு. முடிஞ்சுது. இதுல என்ன கஷ்டம்?"

"கஷ்டம் என்னன்னா," என்று ருவரி கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான், "கடைசிக் கப்பல் நாம ஆஸ்கர்னிஷ்ல பன்னெண்டாவது குழில நிக்கறப்பவே போயிடும்."

"எந்த மடையன் சொன்னான்?"

"கால அட்டவணை சொல்லுது."

"அது கோடைகால அட்டவணையா, குளிர்கால அட்டவணையா?"

"அப்பா, மே மாசம்."

"மே மாசத்துல ரெண்டும் உண்டு. தென்கிழக்குக் காத்து அடிச்சா எதுவும் கிடையாது. அந்தத் துறைக்குள்ள கப்பல் நுழையாது. நான் நுழைச்சிருக்கேன். பின்பக்கத்துப் பெயின்ட் முழுக்கப் போச்சு."

"அப்போ முத நாளே நேரா ஹாரிஸ் போயிடலாம். ஆஸ்கர்னிஷை விட்டுடுவோம்."

"ஆஸ்கர்னிஷை விடறதா? ஊனா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"ஊனா இருந்தா நான் பேசவே வேண்டியிருக்காதே. அவளே முடிச்சிருப்பா, நான் பைல ஷூவை மட்டும் போட்டிருப்பேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். நான் நீர்வாரியத்தில் பொறியாளர். குழாய் எந்தப் பக்கம் சரிகிறது என்று கேட்டால் சொல்வேன்.

"மாமா, உங்களால பதினெட்டுக் குழி நடக்க முடியாது," என்றேன். "நேத்து தபால் பெட்டி வரைக்கும் போய்ட்டு வர எவ்வளவு நேரமாச்சு?"

"நாப்பது நிமிஷம்," என்றான் ருவரி.

"நடுவுல கின்லாக்கைப் பாத்துப் பேசிட்டிருந்தேன்!"

"கின்லாக் ஸ்பெயின்ல இருக்காரு அப்பா."

முர்டோ மட்டையால் தரையைத் தட்டினார். "ஆஸ்கர்னிஷ்ல வண்டி குடுப்பாங்க. ஸ்கேரிஸ்டால ஒம்போதே குழி. தவழ்ந்தாவது முடிச்சுடுவேன். அவ கேட்டது அந்த ஒண்ணுதான். வேற என்ன கேட்டிருக்கா எங்கிட்ட? சின்ன வயசுல ஒரு சைக்கிள் கேட்டா. அதுவும் பழசுதான் வாங்கிக் குடுத்தேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ருவரி மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தான்.

"இப்ப காட்டிடறேன். திட்டாதீங்க."

மூன்று தொப்பிகள். நீல நிறம். முன்பக்கம் வெள்ளை நூலில் தைத்திருந்தது: ஸ்கேரிஸ்டா, மே 16, ஊனா சொன்னபடி.

முர்டோ ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். காது வரைக்கும் இறங்கியது. கழற்றவில்லை. இன்னொன்றை என் முன்னால் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

"அளவு பெருசா இருக்கா மச்சான்?"

"இல்ல."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாருக்கு."

எழுந்து கெண்டியை எடுத்துப் போய்த் தண்ணீர் பிடித்தேன். கெண்டி போனதும் வரைபடத்தின் ஒரு மூலை சுருண்டு ஹாரிஸை மூடிக்கொண்டது. முர்டோ என்னைத் திட்டினார்.

அடுத்த அரை மணி நேரம் தங்கும் இடத்தில் போனது. ருவரிக்கு வெந்நீர்த் தொட்டி வைத்த மரக்குடில் வேண்டும். முர்டோவுக்கு மிஸஸ் மக்காஸ்கில் வீடுதான் வேண்டும். ஸ்கேரிஸ்டாவில் மைதானத்துக்கு நேர் எதிரே அறை வாடகைக்கு விடுகிறார். ஊனாவின் அம்மாவுக்குத் தூரத்து உறவு.

"அந்த வீட்ல வைஃபை கிடையாதுப்பா."

"எதுக்கு வைஃபை? கடல் இருக்கு, பாரு."

"கட்டில் கொழந்தைங்க கட்டில். போன தடவை என் கால் வெளிய நீட்டிட்டு இருந்துது."

"போன தடவை உனக்குப் பதிமூணு வயசுடா."

"அதான் சொல்றேன்!"

நான் சொன்னேன்: "யாராவது அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணி, அறை இருக்கான்னு முதல்ல கேளுங்க." எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இல்லாத பயணத்துக்குக் கட்டில் சண்டை. அதற்குக் காரணம் நான்.

ருவரி ஸ்பீக்கரில் போட்டு அழைத்தான். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"யாரு?"

"மிஸஸ் மக்காஸ்கில், நான் ருவரி. நேர்ன் முர்டோ மகன்."

"ஐயோ தம்பி. அக்காவைப் பத்திக் கேள்விப்பட்டோம். அப்பா சாப்பிடறாரா?"

"நல்லா சாப்பிடறாரு. மே பதினஞ்சு, பதினாறு ரெண்டு ராத்திரி மூணு பேருக்கு இடம் கிடைக்குமா?"

தாள் புரளும் சத்தம். "இருக்கு. வாங்க. சாப்பாடும் போடறேன். வந்து என்ன செய்யப் போறீங்க?"

"பதினாறாம் தேதி எதிர்த்தாப்ல கோல்ஃப் ஆடப் போறோம்."

தொடர்பு அறுந்துவிட்டது என்று ருவரி கைப்பேசியைத் தட்டினான்.

"தம்பி," என்றார் அவர். "பதினாறு ஓய்வுநாள்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை, தம்பி. பக்கத்துல அப்பா இருக்காரா?"

முர்டோ தொப்பியைக் கழற்றினார். யாரோ அறைக்குள் வந்துவிட்டது போல.

"இருக்கேன் கிறிஸ்ஸி," என்றார்.

"முர்டோ! உனக்கா தெரியாது?"

"தேதிதான் பாத்தேன். கிழமை பாக்கல."

"திங்கட்கிழமை ஆடிக்கோங்க. ஞாயித்துக்கிழமை எல்லாருமா சபைக்குப் போவோம். நான் சூப் வைக்கறேன்."

அவர் வைத்துவிட்டார். ருவரி சிரிக்க ஆரம்பித்தான். முர்டோவைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

ஹாரிஸில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், கோல்ஃப் கிடையாது. துணி காயப் போடுவதுகூடக் கிடையாது. அந்தத் தீவில் பெண் எடுத்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். மருத்துவமனை நடைவழியில் நின்றுகொண்டு ஆறு மாதம் தள்ளி வரும் ஒரு தேதியின் கிழமையை யார் பார்ப்பார்கள்? நான் பார்க்கவில்லை. போதகரும் பார்க்கவில்லை. நேர்ன் சபையில் நூற்றுப் பத்து பேர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"விடியக்காலையில போய் ஆடிட்டு வந்துடலாமே," என்றான் ருவரி. "அஞ்சு மணிக்கு. யாரு பாக்கப் போறா?"

"அங்க யாரும் பாக்கலன்னாலும் எல்லாருக்கும் தெரியும்," என்றார் முர்டோ. "உங்கம்மா அங்கதான் படுத்திருக்கா. மைதானத்துக்குப் பக்கத்துலயே. அவளைத் தாண்டி மட்டையைத் தூக்கிட்டுப் போவியா, ஞாயித்துக்கிழமை?"

"அப்ப திங்கட்கிழமை."

"அவ பிறந்தநாள் அன்னிக்குன்னா. சரியா அன்னிக்கேன்னா. மாப்ளே, அப்படித்தானே சொன்னா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"ஊனாவுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. மேசையிடம் கேட்டார். "ஏழு வயசுல ஞாயித்துக்கிழமை ஊஞ்சல் ஆடினான்னு பாட்டி வீட்ல ஊஞ்சலையே கழட்டிட்டாங்க. அவளா ஞாயித்துக்கிழமை ஆடச் சொன்னா? மருந்து மயக்கத்துல சொல்லியிருப்பாளோ?"

"இருக்கும்பா," என்றான் ருவரி.

"இல்லையே. அவளுக்கு மயக்கத்துலயும் தேதி தப்பாது."

மட்டையை ஊன்றி எழுந்தார். ஜன்னல் ஓர டிராயரை இழுத்தார். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சுருளை எடுத்தார். எனக்கு அது என்னவென்று தெரியும். ஊனா ஒவ்வொரு அக்டோபரிலும் அடுத்த வருடக் காலண்டரில் எல்லோருடைய நாளையும் எழுதி, அப்பாவுக்குத் தபாலில் அனுப்புவாள். பல் டாக்டர், கார் காப்பீடு, யாருக்குப் பிறந்தநாள், யார் கேக் வாங்க வேண்டும். இந்த வருடத்தியதை அவர் இன்னும் சுவரில் மாட்டவில்லை. சுவரில் போன வருட நவம்பர்தான் இருந்தது.

மே மாதத்தைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தை அருகில் கொண்டுபோய்ப் படித்தார்.

"பதினாறு. எனக்கு முப்பத்திமூணு. ஞாயிறு! அப்பா சபைக்குப் போய்ட்டு வரட்டும், அப்புறம் எங்க வீட்ல சாப்பாடு. கேக் ருவரி. போன தடவை மாதிரி மறந்தா கொலை விழும்."

"மறக்கல, கடை மூடியிருந்துது," என்றான் ருவரி.

முர்டோ காலண்டரை வரைபடத்தின் மேல் வைத்தார். கண்ணாடியை இறக்கினார். என்னைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா மாமா."

"கிரெகர்." அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நெசமா சொன்னாளா?"

"இல்ல."

"ஸ்கேரிஸ்டான்னு?"

"இல்ல மாமா. நான்தான் சொன்னேன்."

ருவரி கையிலிருந்த தொப்பியைப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு மேசையில் இருந்த மற்ற இரண்டையும் எடுத்து வைத்தான். பெட்டியின் மடிப்பு மூடவில்லை. அழுத்தினான்.

"நான் சபையில எழுந்து நின்னு சொன்னேன்டா," என்றார் முர்டோ. "கிறிஸ்துமஸுக்கு. கல்யாணத்துக்கப்புறம் ஒரு தடவைகூட உன்னை டா போட்டதில்ல. இப்ப போடறேன். எழுந்து நின்னு, என் பொண்ணு கடைசியா நெனச்சது எங்க மூணு பேரையும் அந்த ஊரையும்தான்னு சொன்னேன். ரொட்டிக் கடைக்காரி ஏங்கி ஏங்கி அழுதா."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும் உனக்கு? பதினாறு மாசம் காத்திருந்த இடுப்பைத் தூக்கிக் கடாசிட்டுக் கப்பல் பாத்துட்டிருக்கேன். ஒரு வாரமா நான் இதோட மல்லுக்கு நிக்கறேன், நீ இங்க உக்காந்து தண்ணி குடிக்கற. ஏன் சொன்னே?"

"நீங்க கேட்டீங்க."

"கேட்டா? தெரியலன்னு சொல்றது. தூங்கிட்டிருந்தான்னு சொல்றது. கோல்ஃப் டூர் போகச் சொன்னான்னா சொல்லுவான் ஒருத்தன்?"

"உங்க கோட்டுல பனி இருந்துது," என்றேன். "கதவை மூடலாமான்னு நர்ஸ் கேட்டுட்டிருந்தாங்க. வேற எதுவும் வரல."

அவர் மட்டையை மேசையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து அவரை அப்படி நான் பார்க்கவில்லை. எதிர்க்க ஒன்றும் கிடைக்காத மாதிரி. பிறகு ருவரி பக்கம் திரும்பினார்.

"நீ என்ன பாத்துட்டிருக்கே? சூப்பைச் சூடு பண்ணு."

ருவரி அடுப்பைப் பற்றவைத்தான். முர்டோ மறுபடியும் டிராயருக்குப் போனார். மருத்துவமனைக் கடிதத்தை எடுத்து வந்தார். கீழே கிழித்து அனுப்பும் துண்டு. இரண்டு கட்டம். வருகிறேன், வரவில்லை. ஒரு பேனா தேடினார். இரண்டு பேனா எழுதவில்லை. மூன்றாவது சிவப்பு. நான் என் சட்டைப் பையிலிருந்து ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கட்டத்தின் மேல் வைத்தார். எழுதவில்லை.

"போடுங்க மாமா."

"போடறேன். ஆனா எனக்கு அது தெரியணும்."

"எது?"

"நெசமா என்ன சொன்னாளோ அது. நாலு மாசமா உன் வாக்கியத்தை வச்சிட்டுப் படுத்தேன், எழுந்தேன். இப்ப அதைப் புடுங்கிட்டே. வெறுங்கையோட என்னை ஆஸ்பத்திரில படுக்கப் போடாதே."

"அது ஒண்ணும் இல்ல மாமா. சொல்ற மாதிரி இல்ல."

"நான் கேட்டது அழகானதை இல்ல. அழகானதுதான் நீ குடுத்தியே." பேனாவால் மேசையைத் தட்டினார். "கடுமையா ஏதாவது சொன்னாளா? உன்னைத் திட்டினாளா? என்னையா?"

"இல்ல."

"வலிக்குதுன்னாளா?"

"இல்ல. வலி இல்ல அப்போ."

"அப்ப சொல்லித் தொலையேன்! ஒரு வார்த்தை கூட்டாதே, ஒரு வார்த்தை குறைக்காதே."

ருவரி அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே திரும்பி நின்றான்.

நான் சொன்னேன். வியாழக்கிழமை மாலை ஐந்தேகால். எதிர்ச் சுவரில் டிவி. அவளுக்குப் பிடித்த வினாடி வினா. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எல்லாவற்றுக்கும் தப்பாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சரியான பதில்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவள் துணிப்பையில் ஃபோன் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினேன். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அவள் கையை அசைத்தாள். எப்போதும் போல, கொஞ்சம் எரிச்சலாக.

"தள்ளி நில்லு கிரெகர், டிவி மறைக்குது."